அமெரிக்கக் கம்பவுண்டரும் ஆண்களின் ஊசிக் குப்பியும்

'கம்பவுண்டர்' என்றதும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வாசனை நினைவுக்கு வரும். டாக்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல். உள்ளே அலமாரி முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். வீட்டிலிருந்து கழுவி எடுத்துப்போன பாட்டிலில் சிவப்பு மிக்சரை ஊற்றி, மடித்து வெட்டிய காகிதப் பட்டையை வெளியே ஒட்டி, "காலையில ஒரு கோடு, ராத்திரி ஒரு கோடு" என்று சொல்லிக் கொடுப்பார். மாத்திரை அட்டைகள் வந்தன, ஜன்னல் மூடப்பட்டது. இன்றைய பிள்ளைகளுக்குக் கம்பவுண்டர் என்றால் பழைய சினிமாவில் வரும் ஒரு பாத்திரம், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் அவர் இன்னும் இருக்கிறார். நன்றாக வளர்ந்தும் இருக்கிறார். அங்கே 'காம்பவுண்டிங் ஃபார்மசி' என்று ஆயிரக்கணக்கான கடைகள் உண்டு. மாத்திரை விழுங்க முடியாத குழந்தைக்கு அதே மருந்தைத் திரவமாக்கித் தருவது, மாத்திரையில் சேர்க்கும் சாயம் ஒத்துக்கொள்ளாதவருக்குச் சாயமில்லாமல் செய்து தருவது எல்லாம் இவர்கள் வேலை. ஒரு டாக்டர், ஒரு நோயாளி, ஒரு சீட்டு, அந்தச் சீட்டுக்கு ஒரு கலவை. இப்படிக் கலக்கும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் பல வருஷம் பரிசோதனை நடத்தி அரசின் அனுமதி வாங்கச் சொன்னால் அந்தக் குழந்தைக்கு மருந்தே கிடைக்காது. அதனால், 'இவர்கள் கலக்கும் மருந்துக்கு எங்கள் முன் அனுமதி தேவையில்லை' என்று அமெரிக்கச் சட்டம் ஒரு விலக்கு கொடுத்திருக்கிறது. மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ என்ற அமைப்பு, இவற்றின் பாதுகாப்பையோ பலனையோ முன்கூட்டிச் சோதிப்பதில்லை.

இந்த விலக்கின் வழியாகத்தான் இப்போது ஒரு புது வியாபாரம் உள்ளே வந்திருக்கிறது. அமெரிக்காவில் அண்ணனோ மருமகனோ இருக்கிற வீடுகள் நம் வாசகர்களில் நிறைய. ஒருவேளை அந்த வீட்டு ஃபிரிட்ஜில், முட்டைக்குப் பக்கத்தில், ரப்பர் மூடி போட்ட சின்னக் குப்பி ஒன்றை நீங்களே பார்த்திருக்கலாம். "வைட்டமின் மாதிரி ஒண்ணு" என்று பதில் வந்திருக்கும். அது வைட்டமின் இல்லை, பெப்டைட்.

நாற்பதைத் தாண்டிய ஒரு ஆணை நினைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் சரியில்லை. தொப்பை இறங்க மறுக்கிறது. ஜிம்மில் தோள்பட்டை பிடித்துக்கொண்டு மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத இன்னொரு குறையும் இருக்கிறது. குடும்ப டாக்டரிடம் போனால் "நடங்க, தூங்குங்க, எடையைக் குறைங்க" என்பார். கைபேசியில் வரும் விளம்பரம் அப்படியெல்லாம் கண்டிக்காது. 'ஆண்கள் நலம்' என்ற பெயரில் ஒரு கிளினிக். பத்து நிமிட வீடியோ சந்திப்பு, ஒரு ரத்தப் பரிசோதனை, அடுத்த வாரம் வாசலில் பார்சல். சங்கடமான கேள்வி எதுவும் கிடையாது. இந்தச் சங்கடமின்மைக்குத்தான் பாதி விலை என்பது என் கணிப்பு.

பெப்டைட் என்றால் பயப்பட வேண்டிய சொல் இல்லை. அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த சின்ன மாலை அது. மாலை நீண்டால் புரதம். அமெரிக்க விதிப்படி 40 மணிகள் வரை பெப்டைட், அதற்கு மேல் போனால் புரதம். நம் வீடுகளில் சர்வசாதாரணமாகிவிட்ட இன்சுலினில் 51 மணிகள் உண்டு. வாய்வழியாகச் சாப்பிட்டால் வயிறு இந்த மாலையை அறுத்துச் செரித்துவிடும். அதனால்தான் பெரும்பாலும் ஊசி.

உடம்பு தனக்குத் தானே அனுப்பிக்கொள்ளும் செய்திகளில் பல இந்த வடிவத்தில்தான் இருக்கின்றன. ஆகவே பெப்டைட் மருந்து என்பதே ஏமாற்று வேலை அல்ல. உலகமே பேசும் எடை குறைப்பு மருந்தான செமாக்ளூடைடும் பெப்டைட்தான். ஆயிரக்கணக்கானவர்களிடம் முறையாகப் பரிசோதித்து அனுமதி பெற்றது. கிளினிக் பார்சலில் வருகிற எல்லாமே அந்த ஜாதியா என்பதுதான் கேள்வி.

செர்மொரெலின் என்று ஒன்று. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி, வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கச் சொல்லும். வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக அனுமதி பெற்ற மருந்தாக இருந்தது. 2008-ல் தயாரித்த நிறுவனம் விற்பனையை நிறுத்தியது. பாதுகாப்புக் குறையாலோ பலன் இல்லாததாலோ நிறுத்தப்படவில்லை என்று எஃப்.டி.ஏ 2013-ல் அறிவித்தது. அதனால் கம்பவுண்டர் கடைகள் இதைக் கலந்து தர வழி திறந்தே இருக்கிறது. குழந்தையின் உயரத்துக்காகப் பரிசோதித்த மருந்து நாற்பத்தைந்து வயதுக்காரரின் தொப்பைக்கு என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. அதைச் சட்டம் கேட்பதில்லை.

பி.பி.சி-157 இன்னொன்று. (லண்டன் வானொலிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) வயிற்றுச் சாறில் உள்ள ஒரு புரதத்தின் துண்டு என்று சொல்லப்படும், 15 மணி மாலை. தசைநார் கிழிந்தால் சீக்கிரம் ஆறும், மூட்டு வலி போகும், குடல் சரியாகும் என்று இதன் புகழ் ஜிம்முக்கு ஜிம் பரவியிருக்கிறது. இதைப் பற்றிய ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை எலிகளிடம் நடந்தவை. எலிகளுக்கு நல்ல சேதிதான். மனிதர்களிடம் நடந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவையும் மிகச் சிறியவை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2022-லிருந்து இதைத் தடைப் பட்டியலில் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. எந்த நாட்டிலும் மனித சிகிச்சைக்கு அனுமதி பெறாத பொருட்களுக்கான பிரிவு அது.

கம்பவுண்டர் கடை எந்த மூலப்பொருளைக் கலக்கலாம் என்பதற்கு மூன்று வழிகள் உண்டு. அமெரிக்க மருந்துத் தர நூலில் அதற்குத் தரக்குறிப்பு இருக்க வேண்டும். அல்லது ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒரு மருந்தில் அது இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், நிபுணர் குழுவின் ஆலோசனைக்குப் பிறகு எஃப்.டி.ஏ அதைத் தனிப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். பி.பி.சி-157 முதல் இரண்டிலும் வராது. மூன்றாவதுக்கான பரிசீலனை நடந்துகொண்டிருக்கும்போதே, 2023 செப்டம்பரில், பி.பி.சி-157, சி.ஜே.சி-1295, ஐபாமொரெலின் உட்படப் பல பெப்டைட்களை 'குறிப்பிடத்தக்க பாதுகாப்பு அபாயம் எழுப்பக்கூடியவை' என்ற இரண்டாம் வகையில் எஃப்.டி.ஏ வைத்தது. கலந்தால் நடவடிக்கை வரலாம் என்று அர்த்தம். கிளினிக்குகள் கொதித்தன. வழக்குகள் வந்தன. சிலவற்றை அந்த வகையிலிருந்து எடுத்து நிபுணர் குழு முன் வைத்தார்கள். 2024 அக்டோபரிலும் டிசம்பரிலும் கூடிய குழு, ஐபாமொரெலினையும் சி.ஜே.சி-1295-ஐயும் அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்றே வாக்களித்தது.

'ஆளைக் கொன்ற மாதிரி செய்தி எதுவும் வரவில்லையே, பிறகு ஏன் இத்தனை கெடுபிடி?' என்று கேட்கலாம். எஃப்.டி.ஏ சொல்லும் காரணம் கொஞ்சம் நுணுக்கமானது. இந்த மாலைகளைச் செய்யும்போது ஒரு மணி விட்டுப்போன மாலை, இரண்டு மணி அதிகமான மாலை எல்லாம் கூடவே உருவாகும். குப்பியில் மாலைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகவும் ஆகலாம். தோலுக்கு அடியில் அவை போனதும் உடம்பின் எதிர்ப்பு சக்தி 'இது யார்?' என்று விழித்துக்கொள்ளும். அந்த விழிப்பு சாதாரண அரிப்போடும் நிற்கலாம், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையாகவும் மாறலாம். பெரிய கம்பெனி ஒவ்வொரு தொகுதியிலும் அந்தக் கோணல் மாலைகளை அளந்து காட்டியாக வேண்டும். சின்னக் கடை எங்கிருந்தோ வரவழைத்த பொடியை நம்பிக் கரைக்கிறது.

நம் குடும்பங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் வேலைக்கு எதிராகப் போகக்கூடியது. அது கூடினால் ரத்தத்தில் சர்க்கரை ஏறலாம். அப்பா, அம்மா இரண்டு பக்கமும் சர்க்கரை நோய் இருக்கிற ஒருவர் தொப்பை குறைய வேண்டும் என்று இதைக் குத்திக்கொள்வது எப்படிப்பட்ட கணக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

செய்தி வரவில்லை என்று சொன்னேனே, கம்பவுண்டர் கடைகளைப் பொறுத்தவரை ஒரு பெரிய செய்தி வந்திருக்கிறது. பெப்டைட் அல்ல, முதுகுவலி ஊசி. 2012 செப்டம்பரில் டென்னசி மாநிலத்தில் ஒரு மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது. அவரிடம் இருந்த நோயாளிக்கு மூளைக்காய்ச்சல், அதுவும் பூஞ்சையால். எதிர்ப்பு சக்தி சரியாக இருக்கிற ஒருவருக்கு அது வருவது மிக அபூர்வம். கொஞ்ச நாள் முன்பு முதுகுவலிக்காகத் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தார் அந்த நோயாளி. மருத்துவர் மாநில சுகாதாரத் துறைக்குச் சொன்னார். நூல் பிடித்துப் போனால் அது மாசசூசெட்ஸ் மாநிலம் ஃப்ரேமிங்ஹாமில் இருந்த 'நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர்' என்ற கடையில் போய் நின்றது.

பெயருக்குத்தான் கடை. நாடு முழுக்க மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் மொத்தமாக ஊசி மருந்து அனுப்பிக்கொண்டிருந்த தொழிற்சாலை அது. கறுப்புப் பூஞ்சை கலந்த குப்பிகளிலிருந்து சுமார் 14,000 பேர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். 20 மாநிலங்களில் 753 பேர் நோயில் விழுந்தார்கள். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கணக்கில் 64 பேர் இறந்தார்கள். முதுகுவலி தாங்காமல் போன சாதாரண மனிதர்கள். வாரக்கணக்கில், 'எனக்கும் வருமா' என்று காய்ச்சல்மானியோடு உட்கார்ந்திருந்த மற்ற ஆயிரக்கணக்கானவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

விலக்கு கிடைத்ததே ஒரு நோயாளிக்கு ஒரு சீட்டு என்ற நிபந்தனையின் பேரில்தானே? அந்த நிபந்தனையை எப்படிக் கடந்தார்கள் என்றால், போலிப் பெயர்களில் சீட்டு தயாரித்து. நோயாளி பெயர் 'மைக்கேல் ஜாக்சன்' என்றுகூட ஒரு சீட்டு இருந்ததாக அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு சொன்னது. கடையின் உரிமையாளர்களில் ஒருவரும் தலைமை மருந்தாளுநருமான பேரி கேடனுக்கு 2017-ல் 9 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டுக்குப் பிறகு அது இன்னும் கூடியது.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 2013 நவம்பரில் புதுச் சட்டம் வந்தது. கம்பவுண்டர்களை அது இரண்டாகப் பிரித்தது. சட்டத்தின் 503ஏ பிரிவில் வருபவை தனித்தனிச் சீட்டுக்குக் கலக்கும் பழைய வகைக் கடைகள். மாநில மருந்தக வாரியத்தின் பொறுப்பு. 503பி பிரிவில் வருபவை மொத்தமாகத் தயாரிப்பவை, எஃப்.டி.ஏ-விடம் பதிவு செய்து, தொழிற்சாலைக்கு உரிய தரவிதிகளைப் பின்பற்றி, மருந்தால் யாருக்காவது கடுமையான பாதிப்பு வந்தால் தெரிவித்தாக வேண்டும். 503ஏ கடைகளுக்கு மத்தியச் சட்டத்தில் அந்தத் தெரிவிக்கும் கடமை இல்லை. ஆண்கள் நலக் கிளினிக்குகளின் பார்சல்களில் ஏராளமானவை இந்த முதல் வகைக் கடைகளிலிருந்து வருகின்றன. 'செய்தி வரவில்லையே' என்ற வாதத்தை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

எஃப்.டி.ஏ செய்வதெல்லாம் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். ஹெச்.சி.ஜி என்ற ஹார்மோனின் கதையைப் பாருங்கள். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுவதற்குக் காரணமானது அதுதான். ஆண்களுக்கும் அது உதவும். விரைகளைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனையும் விந்தணுவையும் உற்பத்தி செய்ய வைக்கும். டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து ஊசியாக ஏற்றினால் உடம்பு 'வேண்டியது இருக்கிறதே' என்று சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும். விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரைகூடப் போகலாம். குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டே சோர்வுக்காக டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு என்பதால் இதை அடிக்கோடிட்டுப் படிக்கச் சொல்வேன். அப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர்கள் ஹெச்.சி.ஜி-யையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். கம்பவுண்டர் கடையில் மலிவாகக் கிடைத்தது.

2020 மார்ச்சில் மருந்துகளின் வகைப்பாடு மாறியது. 40 மணிக்கு மேற்பட்ட மாலைகள் எல்லாம் 'உயிரியல் மருந்து' என்ற வேறு சட்டத்துக்குப் போயின. ஹெச்.சி.ஜி-யும் போனது. அந்தச் சட்டத்தில் கம்பவுண்டர்களுக்கான இந்த விலக்கு செல்லாது. பல பத்தாண்டுகளாகத் தெரிந்த, ஆண்களுக்கே முறையாக அனுமதி பெற்ற ஒரு மருந்தின் மலிவான வழி ஒரு வகைப்பாட்டு மாற்றத்தால் அடைபட்டது. பிராண்டு மருந்தின் விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு, அதைவிடக் குறைவாகச் சோதிக்கப்பட்ட மாற்றுகளைக் கிளினிக்குகள் நீட்டின. நல்ல நோக்கத்தில் வந்த விதிதான், ஆனால் குழந்தைக்காகக் காத்திருந்த தம்பதிக்கு அது என்ன செய்தது என்று யாரும் உட்கார்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

கதவை மூடினால் ஆட்கள் ஜன்னல் வழியாகப் போகிறார்கள் என்பதும் உண்மை. இணையத்தில் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று லேபிள் ஒட்டிய பெப்டைட் பொடி தாராளமாக விற்கிறது. எந்த ஆராய்ச்சிக்கூடமும் ஒற்றைக் குப்பி வாங்கி, கூடவே இன்சுலின் சிரிஞ்சும் கரைக்கிற தண்ணீரும் ஆர்டர் செய்வதில்லை. விற்பவருக்கும் அது தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். அதில் டாக்டர் இல்லை, சீட்டு இல்லை, கடைக்காரர்கூட இல்லை. 2024 டிசம்பரில் இப்படி விற்ற சிலருக்கு எஃப்.டி.ஏ எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கடிதம் கிடைத்ததும் பெயரை மாற்றிக்கொண்டு இன்னொரு தளம் திறப்பதற்கு எவ்வளவு நேரமாகும்?

வீட்டில் கரைத்துப் போட்டுக்கொள்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. குப்பியில் 5 மில்லிகிராம் பொடி. 2 மில்லி தண்ணீர் விட்டால் ஒரு மில்லியில் 2.5 மில்லிகிராம். 250 மைக்ரோகிராம் வேண்டுமென்றால் 0.1 மில்லி, அதாவது இன்சுலின் சிரிஞ்சில் 10 யூனிட் கோடு. அடுத்த குப்பியில் மறதியாக 1 மில்லி தண்ணீர்தான் விட்டார் என்று வையுங்கள். அதே 10 யூனிட் கோடு இப்போது 500 மைக்ரோகிராம். கோடு மாறவில்லை, மருந்து இரட்டிப்பாகிவிட்டது. மில்லிகிராம், மைக்ரோகிராம், மில்லி, யூனிட் என்று நான்கு அளவுகளும் ஒரு சமையலறை மேஜையில் மோதிக்கொள்கின்றன. இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. கம்பவுண்டர் கடைகள் கலந்த செமாக்ளூடைடைச் சிலர் உத்தேசித்ததைவிட 5 முதல் 20 மடங்கு வரை ஏற்றிக்கொண்டதாக 2024 ஜூலையில் எஃப்.டி.ஏ எச்சரித்தது. சிலர் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. நம் பழைய கம்பவுண்டர் ஒட்டிய காகிதப் பட்டையை யாரும் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

அரசியலும் இதில் நுழைந்துவிட்டது. ராபர்ட் கென்னடி ஜூனியர், சுகாதார அமைச்சர் ஆவதற்கு முன்பே, 2024 அக்டோபரில், எஃப்.டி.ஏ பெப்டைட்களை நசுக்குகிறது, அது முடியப்போகிறது என்று எழுதினார். அந்த முகாமில் இருப்பவர்கள் சொல்வது இதுதான்: டாக்டர் எழுதி, உரிமம் பெற்ற கடை கலந்து கொடுப்பது, ஆராய்ச்சி லேபிள் ஒட்டிய பொடியைவிட எவ்வளவோ மேல். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பட்டியலில் ஒரு பெயரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தினால் கிடைப்பது சுத்தமான குப்பி மட்டுமே. அதற்குள் இருப்பது தோள்பட்டையைக் குணமாக்குமா, பத்து வருஷம் கழித்து என்ன செய்யும் என்பதற்கு ஒரு வரிகூடப் புதிதாகத் தெரிந்துவிடாது. அதைத் தெரிந்துகொள்ளப் பரிசோதனை வேண்டும், பரிசோதனைக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். பரிசோதிக்காமலேயே மாதச் சந்தா கட்டி வாங்க ஆட்கள் வரிசையில் நிற்கும்போது அந்தப் பணத்தை யார் போடுவார்கள்? எனக்கு இந்த விவகாரத்தில் பெரிய உறுத்தல் இதுதான். மருந்து வேலை செய்கிறதா என்று தெரியாமல் இருப்பது விற்பவருக்கு லாபமாகிவிட்டது. பணம் கட்டிப் பரிசோதனை எலியாகிறவர் பெயர் எந்த ஆய்விலும் பதிவாவதும் இல்லை.

உங்கள் வீட்டுக் குப்பிக்கு வருவோம். அடுத்த முறை வீடியோ அழைப்பில் பேசும்போது லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். நோயாளி பெயர், எழுதிய டாக்டர், கலந்த கடையின் பெயரும் ஊரும், மருந்தின் அளவு, காலாவதி நாள் எல்லாம் இருந்தால் குறைந்தபட்சம் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார். அந்த மாநில மருந்தக வாரியத்தின் தளத்தில் கடைக்கு உரிமம் உண்டா என்று தேடிப் பார்க்கலாம். 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று இருந்தால் தேடவே வேண்டாம், அதைப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

டாக்டர் "வேற என்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று கேட்டால் பெரும்பாலான ஆண்கள் "ஒண்ணுமில்ல" என்பார்கள். சாப்பிடுவது இல்லையே, குத்திக்கொள்வதுதானே. விடுமுறைக்குச் சென்னையோ மதுரையோ வந்து முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளும்போதும் இதே பதில்தான். சர்க்கரை ஏன் ஏறியது என்று இங்கே இருக்கிற டாக்டர் மண்டையை உடைத்துக்கொள்வார். குப்பியின் லேபிளைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்திருந்தால், அதைக் காட்டினாலே போதும்.

ஊசிக்குப் பிறகு படபடப்பு, முகம் சிவந்து சூடாவது, தடிப்பு, மூச்சுத் திணறல் என்று எதுவும் வந்தால் முதலில் மருத்துவமனை, அடுத்தது 'மெட்வாட்ச்'. எஃப்.டி.ஏ நடத்தும் புகார்ப் பதிவு அது. டாக்டர்தான் எழுத வேண்டும் என்றில்லை, நோயாளியோ வீட்டில் இருப்பவரோ இணையத்தில் படிவத்தை நிரப்பலாம். கலந்து கொடுத்த கடைக்குத் தெரிவிக்கும் கடமை இல்லாத நிலையில், அந்தக் குப்பியைப் பற்றி அரசுக்கு எழுதப்போகும் ஒரே ஆள் சில சமயம் அந்த வீட்டு அம்மாவாகவே இருக்கலாம்.